மண்ணின் ஜாதகம்

மதுரைப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வாங்க நினைக்கிறவர்கள் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுப்பார்கள். பெண் கொடுப்பதற்கு முன்னால் ஜாதகம் பார்க்கிற சம்பிரதாயம்தான் இதுவும். இந்தக் காகிதங்களுக்கெல்லாம் தாயாக வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. அதில் சர்வே எண், பரப்பு, தீர்வை என்ற கட்டங்களுக்கு நடுவே 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு கட்டம். அதற்குப் பக்கத்தில் 'மண் தரம்' என்று இன்னொரு கட்டம். இரண்டிலும் ஏதோ எண்கள் எழுதியிருக்கும். விற்கிறவர் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. வாங்குகிறவர் கேட்பதும் இல்லை. ஆனால் அந்த நிலத்தைப் பற்றி யாரோ ஒருவர் எப்போதோ மண்ணைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தை அந்த எண்கள்தான்.

அந்த யாரோ ஒருவர் யார்? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை ராஜதானி முழுவதும் நிலவரித் திட்டம் நடந்தது. வெள்ளைக்காரத் துரைமாரும், அவர்களுக்குக் கீழே நம் ஊர்க் குமாஸ்தாக்களும் கிராமம் கிராமமாகப் போனார்கள். மண்ணைக் கையில் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்கள். கறுப்பா, சிவப்பா, வெறும் மணலா? களி மிகுதியா, மணல் மிகுதியா, இரண்டும் சரிபாதியா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இவ்வளவும் பார்த்து ஒரு தரம் போட்டார்கள். அந்தத் தரத்துக்கு ஏற்ற தீர்வை 30 வருஷத்துக்கு மாறாது என்றார்கள். வேலை அவசர வேலை அல்ல; பொறுமையாகவே செய்தார்கள். ஆனாலும் அது வரி வசூலுக்காக எழுதிய ஜாதகம். பிறந்த வேளையில் ஒரு தடவை கணித்துவிட்டால் ஆயுள் முழுவதும் அதுதான் என்கிற நம்பிக்கை அதற்குள் இருந்தது. மண்ணும் மனுஷனைப் போலத்தான், பிறந்த வேளையோடு சேர்ந்த சகவாசத்தாலும் மாறும் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. மண்ணுக்குச் சகவாசம் என்பது அதன் மேலே நிற்கிற மரமும் செடியும் புல்லும்தான்.

நம் முன்னோர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டவர்கள். அவர்கள் நிலத்துக்குப் பெயர் வைத்தபோது மண்ணின் நிறத்தைப் பார்க்கவில்லை. அதன் மேலே பூத்த பூவைப் பார்த்தார்கள். மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை, வயலுக்கு மருதம், கடற்கரைக்கு நெய்தல், காய்ந்த சுரத்துக்குப் பாலை. தொல்காப்பியம் வகுத்த திணைகளைப் பள்ளிக்கூடத்தில் காதல் இலக்கணமாகவே படித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஒரு பூவின் பெயரைச் சொன்னால் அங்கே என்ன மண், எவ்வளவு தண்ணீர், என்ன விளைச்சல், என்ன தொழில் என்று கேட்கிறவருக்கு விளங்கிவிடும் என்ற துணிச்சல் அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்து வருகிற வழியில் இளங்கோவடிகள் ஒரு செய்தி சொல்கிறார். மழை தவறி வெயில் மிஞ்சினால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகிவிடும் என்கிறார். பாலை என்று தனியாக ஒரு நிலம் பிறப்பதில்லை. கெட்டுப் போன காடுதான் பாலை. நிலத்தின் தரம் மாறக் கூடியது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பதிவேடும் சொல்லவில்லை.

மதுரை நகரமே இப்படி ஒரு மாற்றத்தில் பிறந்த நகரம்தான். கடம்பவனம் என்பது அதன் பழைய பெயர். தனஞ்சயன் என்ற வணிகன் காட்டுக்குள் சிவலிங்கத்தைக் கண்டு வந்து சொல்ல, குலசேகர பாண்டியன் கடம்பங்காட்டைத் திருத்தி நகரம் எடுத்தான் என்று திருவிளையாடல் புராணம் சொல்கிறது. புராணத்தைப் புராணமாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் கடம்பு நீர்ப்பசை உள்ள இடத்தை நாடுகிற மரம். வையைக் கரையில் நீராடிய துறைக்குத் திருமருத முன்துறை என்று பழைய நூல்கள் பெயர் சொல்கின்றன. மருதும் ஆற்றங்கரை மரம். ஆக, இந்த இரண்டு மரங்களின் பெயரே அந்த நாளைய மதுரை மண்ணைப் பற்றிச் சாட்சி சொல்கிறது. ஈரம் காயாத வண்டல் மண் அது. இன்றைக்கு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பழைய கடம்ப மரம் ஒன்றைப் பட்டுப்போன பிறகும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வணங்குகிறவர்கள் ஒரு காட்டின் கடைசிச் சாட்சியை வணங்குகிறார்கள்.

இனி மண்ணைப் பற்றிய சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ருஷ்யாவில் டோக்குச்சாயேவ் என்ற அறிஞர் 1883-இல் அந்நாட்டுக் கரும்மண்ணைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதுவரையில் மண் என்றால் உடைந்த பாறைப் பொடி என்றுதான் படித்தவர்கள் நினைத்திருந்தார்கள். அவர் அப்படியல்ல என்றார். பாறை, தட்பவெப்பம், நிலத்தின் சரிவு, காலம் ஆகிய நான்கோடு, அதன் மேலும் உள்ளும் வாழ்கிற உயிர்களும் சேர்ந்துதான் மண்ணை உண்டாக்குகின்றன என்றார். ருஷ்யப் புல்வெளியில் ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் புல்லின் வேர்கள் மக்கி மக்கியே அந்தக் கறுப்பு ஏறியது. பிறகு ஹான்ஸ் ஜென்னி என்பவர் அமெரிக்காவில் இருந்துகொண்டு 1941-இல் இதையே ஒரு கணிதம் போல வகுத்து எழுதினார். அந்த ஜென்னி இந்தியாவுக்கும் வந்து, ராய்சௌதுரி என்ற நம் நாட்டு மண் அறிஞரோடு சேர்ந்து நாடு முழுவதும் மண்ணை ஆராய்ந்தார். முடிவு 1960-இல் வெளியாயிற்று. ஒரே தட்பவெப்பம் உள்ள இடத்தில் காட்டு மண்ணில் இருக்கிற மக்கும் தழைச்சத்தும் உழுத நிலத்து மண்ணில் இல்லை என்று அது காட்டியது. வெப்பம் கூடக் கூட இந்தச் சத்து குறைந்துகொண்டே போகும் என்பதும் அதில் தெரிந்தது.

இதற்குக் காரணம் கடினமானதல்ல. மரம் இலையை உதிர்க்கிறது. கறையானும் மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகளும் அதைத் தின்று மக்காக்குகின்றன. மக்கு மண் துகள்களைச் சேர்த்துப் பிடித்துக் குருணை குருணையாக ஆக்குகிறது. குருணைகளுக்கு நடுவே காற்றும் நீரும் புக இடம் கிடைக்கிறது. மரத்தடியில் பெய்த மழை உள்ளே இறங்குகிறது; வெட்டவெளியில் பெய்த மழை மேல் மண்ணை அறைந்து மூடிவிட்டு, அதையும் கரைத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. மதுரை வெயிலில் நிழல் இல்லாத மண்ணில் மக்கு சீக்கிரம் எரிந்து போகும். மண் பரிசோதனைச் சாலைகளில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்றும், 0.75 சதவீதத்துக்கு மேலே இருந்தால் அதிகம் என்றும் குறிக்கிறார்கள். இந்தக் கால் சதவீத இடைவெளிக்குள்தான் ஒரு நிலத்தின் வாழ்வும் தாழ்வும் அடங்கியிருக்கின்றன.

அதற்காக எல்லாப் புகழையும் மரத்துக்கே கொடுத்துவிடக் கூடாது. சோழவந்தானில் நெல்லும் தென்னையும் வெற்றிலையும் செழிப்பதற்குக் காரணம் வைகை கொண்டு வந்து போட்ட வண்டல். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் வேறு சங்கதி. அதன் கறுப்பைப் பார்த்துவிட்டு, ஒரு காலத்தில் பெருங்காடு அழுகிக் கிடந்த இடம் போலிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் கரிசலில் மக்கு குறைவு. களியோடு இறுகப் பிணைந்த கொஞ்சம் மக்கும், அதிலுள்ள கனிமங்களும்தான் அந்த நிறத்தைக் கொடுக்கின்றன. மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மேல் மண்ணை வெடிப்புக்குள் தள்ளித் தன்னைத் தானே உழுதுகொள்கிற மண் அது. ருஷ்யக் கரும்மண்ணும் நம் கரிசலும் நிறத்தால்தான் ஒன்று; பிறப்பால் வேறு. பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்துப் புகழ் பெற்ற புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர்தான் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களையும் சுற்றி ஆராய்ந்து 1883-இல் நூல் எழுதினார். டோக்குச்சாயேவின் புத்தகம் வந்த அதே வருஷம். ஒருவர் மண்ணுக்குக் கீழே உள்ள பாறையைப் பார்த்தார். ஒருவர் மேலே உள்ள புல்லைப் பார்த்தார். இரண்டும் வேண்டியதுதான்.

மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்குக் கொழுப்புக் குறைவு. அதை விளைநிலமாக வைத்திருந்தது இயற்கை மட்டும் அல்ல. நம் குடியானவர்கள் ஒரு பெரிய போக்குவரத்தை நடத்தி வந்தார்கள். அழகர்மலை, நாகமலை, சிறுமலை ஓரங்களிலிருந்தும் கரட்டுக் காடுகளிலிருந்தும் கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, வேம்பு, புங்கு என்று தழை வெட்டி வண்டி வண்டியாகக் கொண்டு வந்து சேற்றில் மிதித்தார்கள். அறுவடை முடிந்த வயலில் கீதாரிகளைக் கூப்பிட்டு ஆட்டுக்கிடை போட்டார்கள். காட்டில் மேய்ந்த ஆடு வயலில் எருவிட்டது. கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் படிந்த கரம்பையை வெட்டிச் செம்மண் புஞ்சையில் கொட்டினார்கள். மழை காட்டிலிருந்து கழுவிக்கொண்டு வந்த மேல் மண்தான் கரம்பை. யோசித்துப் பாருங்கள்; தழை, எரு, கரம்பை மூன்றுமே காட்டு மண்ணின் செல்வம். அது மூன்று வழியாக வயலுக்கு வந்து சேர்ந்தது. பதிவேட்டில் வயலுக்கு ஒரு சர்வே எண், காட்டுக்கு ஒரு சர்வே எண். குடியானவன் கணக்கில் இரண்டும் ஒரே குடும்பம்.

இந்தக் குடும்பம் பிரிந்த கதைதான் வருத்தமானது. 1875-இல் மதுரைக்கு ரயில் வந்தது. ரயிலுக்கு விறகும் கட்டையும் வேண்டியிருந்தன. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இரண்டு வருஷம் இந்தச் சீமையை வாட்டியது. காடு கரைந்து போவதைக் கண்டு சர்க்கார் விழித்துக்கொண்டு, 1882-இல் சென்னை வனச் சட்டத்தைக் கொண்டு வந்தது. காட்டைக் காப்பாற்ற ஒரு சட்டம் வேண்டியதுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லைக் கல் நட்ட நாளிலிருந்து, தலைமுறை தலைமுறையாகத் தழை வெட்டியவன் திருடன் ஆனான். ஆடு மேய்த்தவன் அபராதம் கட்டினான். தழை நின்றது, விறகும் நின்றது. விறகு கிடைக்காத வீட்டில் சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போயிற்று. வயலுக்கு எரு இல்லை.

1889-இல் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகச் சுற்றிய வோல்க்கர் என்ற ஆங்கில விவசாய ரசாயன நிபுணர் இதைச் சரியாகப் பிடித்துவிட்டார். இந்தியக் குடியானவனுக்குத் தொழில் தெரியாது என்பது பொய் என்றும், சாணத்தை எரிப்பது சோம்பலால் அல்ல, விறகு இல்லாத குறையால்தான் என்றும் 1893-இல் வெளியான தம் அறிக்கையில் எழுதினார். கிராமங்களுக்குப் பக்கத்திலேயே விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்க்க வேண்டும் என்றும் யோசனை சொன்னார். அறிக்கையைப் பலர் பாராட்டினார்கள். பாராட்டு ஒரு பக்கம் இருக்க, வறட்டி எரிந்துகொண்டே இருந்தது.

இதே காலத்தில் மதுரைச் சீமையில் நேர் எதிரான ஒரு பெரிய மாற்றமும் நடந்தது. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம் செய்துகொண்டு, பென்னிகுயிக் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டினார். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு அதைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி வைகையில் விழுந்தது. வானம் பார்த்துக் கிடந்த மேலூர்ப் புஞ்சை நஞ்சையாயிற்று. திணைக் கணக்கில் சொன்னால் முல்லை மருதமாக மாறியது. அந்த மாற்றத்தை மண்ணே பதிவு செய்துகொண்டது. வருஷம் தவறாமல் நீர் கட்டிச் சேறு கலக்கிய வயலில், கலப்பை போகும் ஆழத்துக்குக் கீழே கெட்டியான ஓர் அடுக்கு உண்டாகும். காற்றுப் புகாத சேற்றில் செம்மண்ணின் சிவப்பு மங்கிச் சாம்பல் நிறமாகும். நெல்லின் வேர் ஓடிய வழி மட்டும் துருப்பிடித்த கோடு போலத் தெரியும். மானாவாரிப் பயிருக்கும் நெல்லுக்கும் கீழே ஒரே தாய்ப்பாறைதான். ஆனால் இரண்டு மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடன்பிறந்தவை என்று நம்ப முடியாது. எத்தனையோ குடும்பங்களுக்குப் பசி தீர்த்த மாற்றம் இது. மண்ணை மாற்றுவதே பாவம் என்று சொல்ல வருகிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

இனி, இந்த வட்டாரத்தில் எல்லோரும் திட்டுகிற ஒரு மரத்தின் கதைக்கு வருவோம். சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பெட்டோம் என்ற வனத்துறைத் துரை 1876-இல் விதை வேண்டும் என்று எழுதிக் கேட்டார். அடுத்த வருஷம் ஜமைக்காவிலிருந்து விதை வந்து கடப்பைப் பக்கத்தில் ஊன்றப்பட்டது. வறண்ட நாட்டுக்கு விறகு வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆடுமாடு நெற்றைத் தின்று போகிற இடமெல்லாம் விதைத்தன. கண்மாய், புஞ்சை, புறம்போக்கு என்று பார்க்காமல் மரம் ஏறிவிட்டது. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லிக் கண்டிப்பான உத்தரவு போட்டது. புல்டோசர்கள் ஊர் ஊராக இறங்கின. அதே ஆண்டில் அந்த வேலைக்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் தமிழக அரசு அந்நிய மரங்களைப் பற்றி ஒரு கொள்கையே வகுத்தது.

இந்த மரத்தின் கீழே மண் என்னவாகிறது? காற்றிலுள்ள ஈரத்தையே இது உறிஞ்சிவிடுகிறது என்று ஒரு பேச்சு நடந்தது. அது மெய்ப்பிக்கப்பட்ட சங்கதி அல்ல. அவரை, துவரை போல வேரில் முடிச்சிட்டுத் தழைச்சத்தைச் சேர்க்கிற ஜாதி இது. வடநாட்டில் உவர் நிலங்களில் இதை வளர்த்துப் பார்த்தவர்கள், அடியில் மக்கு கூடியதையும் உவர் குறைந்ததையும் கண்டிருக்கிறார்கள். ஆனால் தன் நிழலில் வேறொரு செடியை எளிதில் முளைக்க விடாது. பணத்தைச் சேர்த்துப் பெட்டியைப் பூட்டிக்கொள்கிற கருமி போல! சத்து இருக்கும், புல் இராது. கண்மாய்க்குள் புகுந்தால் நீரோட்டத்தையும் அடைத்துவிடும். அதை அகற்ற வேண்டிய இடங்கள் உண்டு. ஆனால் வேரோடு பிடுங்கிவிட்டு வெறும் மண்ணை வெயிலில் விட்டுவிட்டு வந்தால், அது சேர்த்து வைத்த சத்தும் அடுத்த மழையோடு போய்விடும். முன்பை விட வேகமாக அதே மரம் முளைக்கும். ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் என்ன வைக்கப் போகிறோம் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். கரி மூட்டம் போட்டுப் பிழைக்கிற ஏழைகளுக்கும் ஒரு பதில் இருக்க வேண்டும்.

அழகர்மலைக்கு அந்தப் புறம், திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தை அடுத்து காசம்பட்டி என்று ஓர் ஊர். அங்கே வீர கோவில் காடு என்று ஒரு கோயில் காடு இருக்கிறது. பரப்பு 4.97 ஹெக்டேர்தான். சுற்றிலும் மாந்தோப்பு. நடுவே சாமிக்குப் பயந்து யாரும் கோடரி வைக்காத காடு. முல்லை நிலத்துத் தெய்வமான மாயோனின் நிறத்துக்கு உவமையாகச் சொல்லும் காயா மரம் அங்கே இருக்கிறது. மாந்தோப்பில் உழுவார்கள், களை எடுப்பார்கள், மருந்து அடிப்பார்கள், பழத்தை விற்பார்கள். சத்து சந்தைக்குப் போகும். கோயில் காட்டில் விழுந்த இலை விழுந்த இடத்திலேயே மக்கும். வேலிக்கு இந்தப் புறம் ஒரு மண், அந்தப் புறம் ஒரு மண். நடுவில் இருப்பது சாமி பயம் ஒன்றுதான். 2025 மார்ச் மாதத்தில் அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

தமிழ்நாட்டில் அப்படி முதலில் அறிவிக்கப்பட்டது மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி. 2022 நவம்பரில், அதையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேர். பாறைக் குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், சமணர் வாழ்ந்த குகை, தமிழி எழுத்துக் கல்வெட்டு எல்லாம் உள்ள இடம். இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட வட்டாரத்தில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை ஏலம் போயிற்று. கிராமங்கள் எழுந்தன. டிசம்பரில் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மேலூர் வட்டாரத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த மக்கள் எதற்காக வந்தார்கள் என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அழகான குன்றுகளுக்காக மட்டும் அல்ல. குன்றில் காடு இருந்தால் சுனையில் நீர் இருக்கும். சுனை இருந்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் வயலில் கரம்பை சேரும் என்பது அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த கணக்கு. சுரங்கக்காரர்களின் படத்தில் குன்று வேறு, வயல் வேறு. வயலைத் தொடாமல் குன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்களிடம் யாராவது சொன்னால், அது வேரைத் தொடாமல் மரத்தை வெட்டுகிறேன் என்பது போலத்தான் அவர்கள் காதில் விழும்.

தாது பூமிக்குள் உண்டாகக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும். மேல் மண் ஓர் அங்குலம் சேர எத்தனையோ தலைமுறை ஆகும். இரண்டையும் வெட்டி எடுக்கச் சில நாட்கள் போதும். தாதுவுக்காவது ஒரு விலை எழுதுகிறார்கள். மேல் மண்ணுக்கு நம்மிடம் இருப்பது பதிவேட்டில் உள்ள அந்தப் பழைய எண் மட்டும்தான். அது எழுதப்பட்ட பிறகு அந்த மண்ணில் எத்தனை மரம் விழுந்தது, எத்தனை மரம் எழுந்தது என்பது அதற்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். ஒரு நிலத்தைப் பற்றி முடிவு எடுக்கிறவர்கள், எண்ணைப் படிப்பதற்கு முன்னால் அந்த ஊருக்குள் போய், "இங்கே முன்பு என்ன மரம் நின்றது?" என்று ஒரு கிழவரையோ கிழவியையோ கேட்டால் போதும். பாதி ஜாதகம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.